மோசல் நதிக்கரையில் காரோட்டிப் பயணம்: எங்கள் ஒன்பது நாள் திட்டத்தைத் திருத்திக் கொடுங்கள்

தாமிரபரணிக்காரி | 11 ஜனவரி

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் மகனுக்குக் காலாண்டு விடுமுறை வருகிறது. அப்போது ஜெர்மனிக்குப் போய்க் காரை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிச் சுற்றலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு என்றால் சிரமம். சைவம்.

திட்டம் இதுதான். சனிக்கிழமை காலை ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி, விமான நிலையத்திலேயே காரை எடுத்துக்கொண்டு ஹைடல்பெர்க். அடுத்த நாள் கருங்காட்டில் டிட்டிசே ஏரி. பிறகு நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை. அங்கிருந்து வடக்கே திரும்பி கோப்லென்ஸ், ரைன் பள்ளத்தாக்கு. ஒரு நாள் மோசல் நதி. பிறகு கொலோன் தேவாலயம், ஃப்ராங்க்ஃபர்ட், வீடு.

அம்மா தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். "எந்த ஊராக இருந்தாலும் சரி, ஆறு பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். கணவர் சென்னையில் பதினைந்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார், வெளிநாட்டில் ஓட்டியதில்லை. இந்தத் திட்டம் சரிப்படுமா?

மைல்கல் | 11 ஜனவரி

சகோதரி, உங்கள் திட்டத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். 1,500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நொய்ஷ்வான்ஷ்டைனிலிருந்து கோப்லென்ஸ் போகும் நாளில் மட்டும் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். அன்று அம்மாவும் பையனும் நெடுஞ்சாலையின் ஒலித் தடுப்புச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

அம்மா கேட்டது ஆறு. நீங்கள் ஆற்றுக்குக் கொடுத்திருப்பது ஒரு நாள். இதை முதலில் மாற்றுங்கள். தெற்கை முழுவதும் விட்டுவிடுங்கள், அது வேறொரு பயணம்.

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியோடு மோசல் கரையில் ஆறு நாள் ஓட்டினேன். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை நதி கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர் ஓடுகிறது. நேராகப் போகும் நெடுஞ்சாலையில் அதே இரு ஊர்களுக்கும் இடையே 130 கிலோமீட்டர்தான். அந்த மிச்சம் முழுவதும் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் திராட்சைச் சரிவு, அதன் கீழே ஓர் ஊர், மேலே இடிந்த கோட்டை ஒன்று. ஆறு நாள் எனக்குப் போதவில்லை.

இரட்டைத் தண்டவாளம் | 12 ஜனவரி

கார் எதற்கு என்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரைன் பள்ளத்தாக்கில் இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. மோசலிலும் கோப்லென்ஸ் முதல் ட்ரியர் வரை ரயில் உண்டு. வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாதவர், இரவு முழுவதும் விமானத்தில் விழித்திருந்துவிட்டு, காலையில் இறங்கியவுடன் ஜெர்மன் நெடுஞ்சாலையில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலும் பின்னிருக்கையில் குழந்தையும் பெரியவரும்.

அந்த ரயில் பாதையைப் பற்றி ஒரு செய்தி. கோக்கெம் ஊருக்கும் எல்லர் ஊருக்கும் இடையே நதி இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிறது. ரயிலோ மலையைக் குடைந்து 4.2 கிலோமீட்டரில் போய்விடுகிறது. 1879இல் திறந்த சுரங்கம் அது. நூறாண்டுக்கும் மேலாக ஜெர்மனியின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. உங்கள் மகன் இதைக் கேட்டாலே ரயிலில் ஏறிவிடுவான்.

மோசல்கரையோன் | 12 ஜனவரி

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், முப்பது வருடத்துக்கு மேலாக ஜேர்மனியில் கோப்லென்ஸ் பக்கத்தில் வசிக்கிறேன். பேருந்து சாரதியாக இந்த வீதிகளில் ஓடியவன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலே எழுதிய இரண்டு பேரும் சரி. ஆனால் தம்பி இரட்டைத் தண்டவாளம் ஒன்றை விட்டுவிட்டார். கோப்லென்ஸிலிருந்து புலாய் வரைக்கும்தான் ரயில் ஆற்றோடு வருகிறது. புலாய் தாண்டியதும் அது ஆற்றை விட்டு விலகி, விட்லிஷ் வழியாக உள்நாட்டுக்குள் போய், ட்ரியருக்குக் கிட்டத்தான் திரும்பவும் ஆற்றைத் தொடும். புலாயிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக்குக்கு ஒரு சின்னக் கிளைப்பாதை உண்டு, அவ்வளவுதான். அதற்கு மேலே பெர்ன்காஸ்டல், பீஸ்போர்ட், நோய்மாகன் இவை எதற்கும் ரயில் இல்லை. முன்பு வலது கரையில் ஒரு ரயில் ஓடியது, 1960களில் மூடிவிட்டார்கள். பேருந்து இருக்கிறது. ஆனால் முழங்கால் வலிக்காரரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நேர அட்டவணைக்குக் காத்திருப்பது லேசில்லை.

ரயில் இல்லாததால்தான் நடு மோசல் அமைதியாக இருக்கிறது. ரைன் கரையில் அறை எடுப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: இரவு முழுக்கச் சரக்கு ரயில் போகும், இரண்டு கரையிலும். ஆற்றைப் பார்த்த அறை என்று ஆசையாகக் காசு கூடக் கொடுத்துவிட்டு, பலர் விடியும் வரை விழித்திருப்பார்கள்.

ஆக, வாகனம் வேண்டும். ஆனால் நடு மோசலுக்கு மட்டும் வேண்டும். என் யோசனை இது.

சனிக்கிழமை இறங்கியதும் வாகனம் எடுக்க வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கோப்லென்ஸுக்கு நேரடி ரயில், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பிங்கன் ஊர் தாண்டியதும் பாதை ரைனை ஒட்டியே போகும். போகிற திசைக்கு வலது பக்க ஜன்னலில் அம்மாவை இருத்துங்கள். ஆற்றின் நடுவே கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை வரும், அது கௌப் ஊரின் ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன். கொஞ்ச நேரத்தில் லோரலை பாறை, 132 மீட்டர். அந்த 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நீங்கள் களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தபடியே அதைப் பார்த்துவிடுவீர்கள்.

சனி, ஞாயிறு கோப்லென்ஸில். மோசல் ரைனோடு கலக்கிற மூலையில் அம்மா உட்காரட்டும், இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாகச் சேருவது தெரியும். திங்கள் காலை வாகனத்தை எடுங்கள். ஐந்து நாள் மோசல். வெள்ளி மாலை ட்ரியரில் வாகனத்தை ஒப்படையுங்கள். வேறு ஊரில் ஒப்படைப்பதற்கு மேலதிகக் கட்டணம் வரும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரியரை நடந்தே பார்க்கலாம். ஞாயிறு ரயிலில் விமான நிலையம்.

ஒரு எச்சரிக்கை: நகரத்தில் உள்ள வாடகை வாகன அலுவலகங்கள் பல, சனி மத்தியானத்தோடு பூட்டிவிடும். ஞாயிறு திறக்காது. திங்கள் எடுத்து வெள்ளி கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

தாமிரபரணிக்காரி | 13 ஜனவரி

அண்ணா, படித்ததும் கணவர் முகத்தில் ஒரு நிம்மதி. விமானத்திலிருந்து இறங்கியவுடன் ஓட்ட வேண்டுமே என்று அவர் மனதுக்குள் பயந்துகொண்டிருந்தாராம், என்னிடம் சொல்லவில்லை. நொய்ஷ்வான்ஷ்டைனை விட்டுவிட்டோம். மகனுக்குக் கோட்டை வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மோசலில் நல்ல கோட்டை உண்டா? எந்த ஊரில் தங்கலாம்? ஓட்டுநர் உரிமத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

மைல்கல் | 13 ஜனவரி

உரிமத்திலிருந்து தொடங்குகிறேன். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாகவே வாங்கலாம், ஓராண்டு செல்லும். அது நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அசல் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் அட்டையையும் அவர் உரிமத்தையும் வைத்துக்கொண்டு போனால் காரைத் தர மாட்டார்கள். முன்பணத்தை அந்த அட்டையில்தான் முடக்கி வைப்பார்கள், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் வண்டி வேண்டாம். அங்கே மலிவாகக் கிடைப்பதெல்லாம் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும். நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் கியர் மாற்ற வேண்டிவரும். நம் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வைப்பரை ஓடவிட்டேன். கவனம் அதில் போகும்போது கியரும் சேர்ந்தால் கஷ்டம்.

மகன் ஒன்பது வயது என்றீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ், 150 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் குழந்தை இருக்கை கட்டாயம். பூஸ்டர் போதும். இங்கிருந்து கொண்டுபோவதானால் அதில் ஆர்44/03, ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற அங்கீகார முத்திரை இருக்க வேண்டும்.

இப்போது நம் ஊரில் யாரும் பொருட்படுத்தாத ஒரு விதி. சாலைச் சந்திப்பில் எந்தப் பலகையும் இல்லையென்றால், உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. நீங்கள் அகலமான தெருவில் போகிறீர்கள், அவர் சந்திலிருந்து வருகிறார், ஆனாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். அவர் நிற்பார் என்று நினைக்காதீர்கள். தன் உரிமை என்று தெரிந்து அப்படியே வந்துவிடுவார். மோசல் கரை ஊர்களில் இத்தகைய சந்துகள் ஏராளம். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முதல் உரிமை.

அடுத்தது மஞ்சள் ஊர்ப் பலகை. ஊர்ப் பெயர் எழுதிய அந்தப் பலகையைத் தாண்டிய கணமே வேக வரம்பு 50. தனியாக 50 என்று எழுத மாட்டார்கள். நான் அந்தப் பலகையை ஊர்ப் பெயராக மட்டும் படித்துக்கொண்டு 62இல் போனேன். ஊர் திரும்பி நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. அபராதம் 50 யூரோ. என் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாகக் கட்டணம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அடுக்களை | 14 ஜனவரி

நானும் மாமனார் மாமியாரோடு போய் வந்தவள், சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். சைவத்துக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் நேரம் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப்புற உணவகங்களில் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து, ஐந்தரை வரை அடுப்பு அணைந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, அதுவும் பல இடங்களில் திங்கள் அல்லது செவ்வாய். ஞாயிறு மளிகைக் கடை கிடையாது. அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் கடை பூட்டு. சனிக்கிழமையே தயிர், ரொட்டி, பழம், பால் வாங்கி வைத்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிப் பொரித்த அடை ஒன்று உண்டு, ஆப்பிள் கூழோடு தருவார்கள். மாமியார் அதை மூன்று நாள் சாப்பிட்டார். ஃப்ளாம்குக்கன் என்பது காகிதம் போல மெல்லிய ரொட்டியில் புளித்த கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுட்டது. வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். "ஓனே ஷ்பெக்" என்று சொன்னால் இல்லாமல் செய்து தருவார்கள். இலையுதிர்காலத்தில் வெங்காயப் பணியாரம் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். அதிலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும், முன்னமே சுட்டு வைத்ததால் பிரிக்க முடியாது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சமையலறையோடு கூடிய வீடு எடுங்கள். அங்கே விடுமுறை வீடு என்று நிறையக் கிடைக்கும், திராட்சை விவசாயிகளே மாடியை விடுகிறார்கள். குக்கர், ஒரு கிலோ பொன்னி, பருப்பு, புளிக்காய்ச்சல் எடுத்துப் போனோம். அம்மாவுக்கு இரவில் ரசம் கிடைத்தால் மறுநாள் முழுவதும் உற்சாகமாக இருப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மோசல்கரையோன் | 15 ஜனவரி

தங்கும் ஊரைப் பற்றிப் பலபேர் கோக்கெம் என்பார்கள். அழகான ஊர்தான். மலைமேல் நிற்கிற கோட்டையை 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டது. இப்போது நாம் பார்ப்பது பெர்லின் இரும்பு வியாபாரி லூயி ராவெனே 1868 முதல் 1877 வரை திரும்பக் கட்டியது. ஆனால் பகலில் கப்பல் கூட்டம், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். இலையுதிர்காலத்தில் தெருவில் நடக்க இடமிராது. ஒரு நாள் காலையில் போய்விட்டு வாருங்கள், போதும்.

நான் சொல்வது ட்ராபன்-ட்ரார்பாக். மேலேயும் கீழேயும் போக நடுவான இடம். தரை சமமாக இருக்கும், ஆற்றங்கரையில் வாங்குகள் போட்டிருப்பார்கள், அம்மாவுக்குச் சிரமமில்லை. ஒரு காலத்தில் வைன் வியாபாரத்தில் கொழித்த ஊர். பெர்லினிலிருந்து புரூனோ மோரிங் என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டு வீடுகளும் பாலத்து வாசலும் கட்டுவித்தார்கள். நான்கு இரவும் அங்கேயே தங்குங்கள். தினம் பெட்டி கட்டுவதை நிறுத்தினாலே பாதிக் களைப்புப் போய்விடும்.

மகனுக்குக் கோட்டை என்றால் புர்க் எல்ட்ஸ். 850 வருடத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. போரில் இடிபடாத கோட்டை. யூரோவுக்கு முந்தைய ஜேர்மன் 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம் இருந்தது. காட்டுக்குள்ளே பள்ளத்தில், மூன்று பக்கமும் ஓடை சுற்ற நிற்கும். வாகனத் தரிப்பிடம் மேலே இருக்கிறது, கோட்டை கீழே. பதினைந்து நிமிட இறக்கம். திரும்பும்போது அதே ஏற்றம். அம்மாவைச் சிறிய பேருந்தில் அனுப்புங்கள், அங்கேயே ஓடுகிறது, சில்லறை வைத்திருங்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் போகலாம், படி நிறைய உண்டு, படம் எடுக்கக்கூடாது. அம்மா முற்றத்தில் இருந்து பார்த்தாலே நிறைவாக இருக்கும். காலையில் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், நீங்கள் வரும்போது திறந்திருக்கும்.

இரட்டைத் தண்டவாளம் | 15 ஜனவரி

அண்ணன் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன், நடு மோசலில் ரயில் இல்லை என்பதை நான் மறந்துவிட்டேன். ஆனால் கார் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்துக்கும் காரிலேயே போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஓட்டுபவருக்கு ஆறே தெரியாது. சாலை நதியை ஒட்டி வளைந்துகொண்டே போகிறது. சைக்கிள்காரர்கள், டிராக்டர்கள், எதிரே பஸ். கணவரின் கண் சாலையில்தான் இருக்கும்.

கோக்கெமில் காரை நிறுத்திவிட்டு பைல்ஷ்டைனுக்குக் கப்பலில் போங்கள். ஒரு மணி நேரம். வழியில் ஃபாங்கல் நீர்ப்பூட்டுக்குள் கப்பல் நுழையும். பின்னால் கதவு மூடும், தண்ணீர் நிரம்பும், ஈரச் சுவர் மெல்லக் கீழே இறங்குவது போலத் தெரியும். நகர்வது சுவர் இல்லை, நம் கப்பல்தான் ஆறேழு மீட்டர் உயர்கிறது. மோசலில் 1964இல்தான் பெரிய கப்பல்கள் போக வழி செய்தார்கள். அணையும் நீர்ப்பூட்டும் கட்டி நதியைப் படிப்படியாக ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் தண்ணீர் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கிறது.

இன்னொன்று, ஆல்ஃபுக்கும் புலாய்க்கும் இடையே இரட்டை அடுக்குப் பாலம்: மேலே ரயில், கீழே கார். 1878இல் கட்டியது, ஜெர்மனியில் இந்த வகையில் முதல் பாலம். ரயில் வரும் நேரம் பார்த்துக் கீழே ஓட்டுங்கள்.

புதுப்பயணி | 2 பிப்ரவரி

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வைன் குடிக்காதவர்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? படிக்கும் எல்லாக் குறிப்பிலும் வைன் சுவைத்தல்தான் வருகிறது.

மைல்கல் | 2 பிப்ரவரி

நானும் குடிப்பதில்லை. குடிப்பவர்களும் ஓட்டும் நாளில் குடிக்க முடியாது. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 என்ற வரம்பு, அதற்குக் கீழே இருந்தாலும் விபத்து நடந்தால் தண்டனை உண்டு.

நான் பார்த்தது விவசாயத்தை. ப்ரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவு இருக்கிறது. சில இடங்களில் 65 பாகை சாய்வு. உலகின் மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவுகளில் ஒன்று. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாகப் போகிறது, அதில் ஒரு சிறு வண்டியில் ஆளும் கூடையும் ஏறுகிறார்கள். அறுவடை கையால்தான். மண் என்று சொல்லவே முடியாது, கருஞ்சாம்பல் நிறப் பலகைக் கல்லின் சில்லுகள். மாலை ஆறு மணிக்கு ஒரு சில்லைக் கையில் எடுத்தேன், சுட்ட ஓடு போல இன்னும் சூடாக இருந்தது. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கிறது அந்தக் கல். அவ்வளவு வடக்கே ரைஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் மலையோரத்தில் படி கட்டி வேளாண்மை செய்கிறவர்கள் அந்தச் சரிவைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வாசலில் துடைப்பமோ மிலாறுக் கொத்தோ கட்டித் தொங்கவிட்டிருந்தால் அது விவசாயி வீட்டிலேயே நடத்தும் சிற்றுணவகம். ஆண்டுக்கு நான்கு மாதம், நாற்பது இருக்கை வரைதான் அனுமதி. திராட்சைச் சாறு கேளுங்கள், எங்கும் உண்டு. சரிவுகளில் வளரும் சிவப்புப் பீச் பழத்தில் ஜாம் செய்து விற்பார்கள், ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள்.

தாமிரபரணிக்காரி | 20 ஜூன்

விசா கிடைத்துவிட்டது! ஒரு வேடிக்கை தெரியுமா? கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அந்த "ஷெங்கன்" என்ற பெயரே மோசல் கரையில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயராம். 1985 ஜூன் 14 அன்று அந்த ஊருக்கு அருகே ஆற்றில் நின்ற கப்பலில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானதாம். மகன் கண்டுபிடித்துச் சொன்னான். வெள்ளிக்கிழமை காரை ஒப்படைக்கும் முன் அங்கே போய்வர முடியுமா அண்ணா?

மோசல்கரையோன் | 20 ஜூன்

தாராளமாக. ட்ரியரிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். லக்சம்பேர்க் நாடு, எல்லையைக் கடக்க ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வாஸர்பில்லிக்கில் தாங்கியை நிரப்புங்கள், ஜேர்மனியைவிட எரிபொருள் மலிவு. ட்ரியர் ஆட்கள் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். முதலில் நீங்களே நிரப்பி, பம்பு எண்ணைச் சொல்லிப் பிறகு உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் பெட்ரோலா டீசலா என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் குழாயைத் தொடாதீர்கள்.

வழிகாட்டிக் கருவியை நம்பித் திராட்சைத் தோட்டத்துக்குள் போய்விடாதீர்கள். தார் போட்ட வீதி மாதிரியே இருக்கும். முகப்பில் சிவப்பு வளையத்தோடு வெள்ளை வட்டம் இருந்தால் அது விவசாய வாகனத்துக்கு மட்டும். நீங்கள் வருவது அறுவடைக் காலம், ட்ராக்டர்கள் ஓயாமல் போகும்.

தாமிரபரணிக்காரி | 14 அக்டோபர்

வந்துவிட்டோம். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், ஆகவே ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கிறேன்.

ரயிலில் வலப்பக்கம் உட்கார்ந்தோம். மகன் தூங்கிவிட்டான், அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. கோப்லென்ஸில் இரண்டு நாள் தூக்கம் சரியான பிறகு காரை எடுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று திங்கள் காலை தெரிந்தது. முதல் அரை மணி நேரம் கணவர் வாயே திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாலைக்குள் பழகிவிட்டார்.

அண்ணன் எச்சரித்தும் ஒருமுறை திராட்சைப் பாதையில் மாட்டினோம். பெர்ன்காஸ்டல் பக்கம் கருவி குறுக்கு வழி காட்டியது, பலகையைக் கவனிக்கவில்லை. எதிரே திராட்சை ஏற்றிய டிராக்டர். ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் பள்ளம். இருநூறு மீட்டர் பின்னோக்கியே வந்தோம். அந்த விவசாயி இறங்கி வந்து, கையசைத்து வழி காட்டி, முடிந்ததும் ஒரு கொத்துத் திராட்சையை ஜன்னல் வழியாக அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனார். சிறிய பழம், கொட்டை நிறைய, அவ்வளவு இனிப்பு.

காலை பத்து மணி வரை பள்ளத்தாக்கில் பனிமூட்டம். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை, போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, அந்த நேரத்தை இட்லி மாவுக்கும் குளியலுக்கும் வைத்துக்கொண்டோம்.

புர்க் எல்ட்ஸில் மகனும் அப்பாவும் உள்ளே போனார்கள். நானும் அம்மாவும் வெளியே பாலத்துச் சுவரில் சாய்ந்திருந்தோம். சிறிய பேருந்து அம்மாவுக்குப் பெரிய துணை. ட்ரியரில் போர்ட்டா நிக்ரா வாசல், கி.பி. 170 அளவில் ரோமானியர் கட்டியது, சாந்து இல்லாமல் கல்மேல் கல். பதினோராம் நூற்றாண்டில் ஒரு துறவி அதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தாராம். அதனால் தேவாலயமாகி, இடிபடாமல் தப்பியது. அம்மா கருத்துப்போன கல்லைத் தடவிப் பார்த்து, "நம்ம கோயில் கல் மாதிரியே குளிர்ச்சியாக இருக்கிறது" என்றார்.

பைல்ஷ்டைனில் கார் ஏற்றும் படகு இருக்கிறது என்று கப்பலில் போன அன்று கண்டோம். மறுநாள் வேண்டுமென்றே காரோடு போனோம். படகோட்டி ஜன்னலில் வந்து காசு வாங்கிக்கொண்டு போனார். நடு ஆற்றில் கார் எஞ்சினை அணைத்தபின் படகில் தண்ணீர் மோதும் ஓசை மட்டும். அக்கரையில் இறங்கியதும் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். படித்துறைச் சரிவில் என் தோளைப் பிடித்தபடி நாலடி இறங்கி, குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். என்னையும் தெளித்துக்கொள்ளச் சொன்னார்.

ஷெங்கனில் கடவுச்சீட்டைக் கையில் வைத்து மகன் படம் எடுத்துக்கொண்டான்.

அபராதக் கடிதம் இதுவரை வரவில்லை.

அடுக்களை | 14 அக்டோபர்

இட்லி மாவா! அங்கே எப்படிப் புளிக்க வைத்தீர்கள்?

தாமிரபரணிக்காரி | 15 அக்டோபர்

ரவை இட்லிதான் சகோதரி, தயிர் ஊற்றியது. அரைக்கவும் புளிக்கவும் வேண்டியதில்லை. ஞாயிறு கடை இல்லை என்று நீங்கள் எழுதியதால் சனிக்கிழமையே நான்கு டப்பா தயிர் வாங்கியிருந்தோம்.

புதுப்பயணி | 3 நவம்பர்

நாங்கள் முடிவு செய்துவிட்டோம். ஆனால் எங்களுக்கு ஏப்ரலில்தான் விடுமுறை கிடைக்கும். கொடியில் இலையே இருக்காது என்கிறார்கள். போவது வீண்தானா ஐயா?

மோசல்கரையோன் | 4 நவம்பர்

வீணில்லை தம்பி. இலை இல்லாததால் சரிவின் கல் முழுக்கத் தெரியும், கட்டிய சுவர்களும் படிகளும் தெரியும். அந்த உழைப்பு அப்போதுதான் கண்ணில் படும். மைல்கல் சொன்ன சிவப்புப் பீச் மரங்கள் ஏப்ரல் தொடக்கத்தில் அந்தப் பலகைக் கல்லின் நடுவே இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும், கோக்கெம் பக்கம் அதிகம். புர்க் எல்ட்ஸும் ஏப்ரலில் திறந்துவிடும். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, ட்ராபனில் வீட்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். ஜம்பர் கொண்டு வாருங்கள், இரவில் குளிரும்.